ஈனோக் மம்பி தன் மச்சானிடம் சொன்ன ஒரே உண்மை

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பித் துறைமுகத்தில், மீன்பிடிக் கப்பலின் தலைவனான எந்த ஸ்கிப்பரும் தான் எங்கே மீன் பிடித்தான் என்று உண்மை சொன்னதில்லை. மனைவிக்குத் துரோகம் செய்யாதவன் இருந்தான், கடவுளுக்குப் பயந்தவன் இருந்தான், ஆனால் வலை போட்ட இடத்தைச் சொன்னவன் இல்லை. வடக்கே போய் வந்தவன் கிழக்கே போனதாகச் சொல்வான். கேட்கிறவனும் அதை ஒரு மரியாதைக்குத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவன் போயிருக்க முடியாத இடம் இது ஒன்றுதான் என்று மனதில் குறித்துக்கொள்வான். இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. தொழிலில் அதுவும் ஒரு பகுதி, வலை பின்னுவது மாதிரி.

அப்படிப்பட்ட ஊரிலேயே பெரிய புளுகன் என்று பேர் வாங்கியவன் ஈனோக் மம்பி. அவனிடம் அதிகம் ஏமாந்தவன் பென் லெகெட். பென்னும் ஒரு ஸ்கிப்பர்தான். அதோடு, ஈனோக் கட்டியிருந்தது பென்னின் தங்கை கெசியாவை.

ஈனோக்குக்குத் தாய் தகப்பன் கிடையாது. உள்நாட்டில் ஏதோ ஒரு ஊரின் அநாதை விடுதியிலிருந்து, மீன்பிடிக் கப்பலுக்கு ஆள் வேண்டும் என்று ரயிலேற்றி அனுப்பப்பட்ட பல பிள்ளைகளில் அவனும் ஒருவன். கடலைப் பார்த்த முதல் நாளே வாந்தி எடுத்தான். கூட வந்தவர்களில் பாதிப் பேர் ஓடிப் போனார்கள். இவன் ஏன் ஓடவில்லை என்று பென் ஒருமுறை கேட்டபோது, கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள், அதுவும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கச் சொல்லாமல் போட்டார்கள், அதை விட்டுவிட்டு எங்கே ஓடுவது என்று பதில் சொன்னான். அந்த ஒரு காரணத்துக்காகவே கடல்மேல் அவனுக்குக் கடைசிவரை ஒரு விசுவாசம் இருந்தது. புயலில் மாட்டி நாலு நாள் ஊறிக் கரையேறும்போதுகூட, மற்றவர்கள் கடலைத் திட்டிக்கொண்டே இறங்க, இவன் மட்டும் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு வருவான்.

வெளிச்சத்தில் பார்த்தால் பெரிய அழகன் இல்லை. குட்டை. காது இரண்டும் விரிந்திருக்கும். தேவாலயத்தில் அவன் பாட ஆரம்பித்தால் முன்வரிசைப் பெண்கள் தோள் குலுங்கச் சிரிப்பை அடக்குவார்கள். டாமினோ ஆட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவான். ஆனால் கடலடியை அவனைப் போல் அறிந்தவன் அந்தத் துறைமுகத்தில் இல்லை. ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கடலுக்குள் இறக்குவார்கள். அடியில் என்ன இருக்கிறதோ அது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். எல்லா ஸ்கிப்பர்களும் செய்வதுதான். ஈனோக் அதைக் கையில் வாங்கி, முகர்ந்து, சில சமயம் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வேறு யாரும் பார்ப்பதற்குள் கட்டைவிரலால் வழித்துக் கால்சட்டையில் துடைத்துவிடுவான். கப்பலில் தனக்கு அடுத்த நிலையிலிருந்த சொந்த மேட்டிடம்கூடக் காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பென் தங்கை வீட்டில்தான் சாப்பிடுவான். மாட்டுக்கறி, கொழுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு, மேலே ஊற்றக் குழம்பு. சாப்பாட்டு மேசையிலேயே மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் புளுகுவதைக் கெசியா கேட்டுக்கொண்டிருப்பாள்.

"என்ன மாப்ளே, இந்த வாட்டி நாக்கு மீன் குவிச்சுட்டியாமே. எங்கே போட்டே?"

"டாகர் திட்டுக்கு வடகிழக்கே, மச்சான். நீயும் போயேன். உனக்குன்னு கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன்."

"அங்கே போனா எனக்குக் கல்லுதான் கிடைக்கும்."

"கல்லையும் சந்தையிலே வித்துருவியே நீ."

கெசியா இருவர் தட்டிலும் கறியை வைத்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து என்றைக்காவது ஒரு நிஜம் பேசினால் வீட்டுக் கூரை இடிந்து விழுந்துவிடும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்பாள். இருவரும் அவளைக் குழந்தையைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்.

ஈனோக் சொன்ன பொய்களிலேயே ஊர் முழுக்க நம்பிய பொய் ஒன்று இருந்தது. ஆனால் பென்னுக்கு அப்போது அது பொய்யென்று தெரியாது.

கரையிலிருந்து அதிக தூரமில்லாமல் ஒரு நீளமான மணல்திட்டு உண்டு. மீனவர்கள் அதைக் கிழவன் முதுகு என்பார்கள். நீர் வற்றும்போது அதன்மேல் ஒரு கப்பல் போக முடியாது. ஒரு குளிர்காலத்தில் ஈனோக் அங்கிருந்து கிழிந்த வலையோடு வந்தான். திட்டின் நடுவே மேற்கால் ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, அதன் விலா எலும்பெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது, வலையும் போய் உயிரும் போயிருக்கும் என்று சொன்னான். சாட்சிக்குத் துருவேறிய நங்கூரம் ஒன்றையும் இழுத்துவந்து மதுக்கடை முற்றத்தில் போட்டான். எல்லோரும் அதைச் சுற்றிவந்து பார்த்தார்கள். பென் தன் வரைபடத்தில் அந்த இடத்தில் சிலுவைக் குறி போட்டான். அவன் சொல்லி இன்னும் பல ஸ்கிப்பர்கள் போட்டார்கள். அதன் பிறகு கிழவன் முதுகுப் பக்கம் யாரும் வலை இறக்கவில்லை.

ஊரில் எந்தக் கப்பலாவது திரும்பாமல் போனால், அந்த வாரம் ஈனோக் எங்கிருந்தோ நல்ல நாக்கு மீன் கொண்டுவருவான். நாணலில் கோத்து, விதவைகளின் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுத் தட்டாமல் போய்விடுவான். யார் வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்து மீன் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு போர் வந்தது. ஜெர்மன்காரன் வடகடல் முழுக்கக் கண்ணிவெடிகளைப் போட்டான். அவற்றை அகற்ற அரசாங்கத்துக்கு மீன்பிடிக் கப்பல்களும், வலை இழுத்துப் பழகிய ஆட்களும் தேவைப்பட்டார்கள். ஈனோக்கின் கப்பல் லாவினியாவையும் பென்னின் கப்பல் ஹெரானையும் ஆட்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஸ்கிப்பர்களுக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டுக் கிடைத்தது. ஈனோக்குக்கு அது முழங்கால்வரை வந்தது. சல்யூட் அடிக்கச் சொன்னால், ஈ ஓட்டுவது மாதிரி அடிப்பான். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற முதல் நாள் கெசியா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கண்ணிவெடி எடுப்பது இரண்டு கப்பல் வேலை. இரண்டும் இணையாகப் போகும். நடுவே கடலுக்கடியில் ஒரு எஃகுக் கம்பி. அடியில் நங்கூரமிட்டுக் கட்டியிருக்கும் வெடியின் கயிற்றைக் கம்பி அறுக்கும், வெடி மேலே மிதந்து வரும், துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் இருவரும் போய்ச் சேர வேண்டியதுதான். லாவினியாவையும் ஹெரானையும் ஜோடி போட்டார்கள். இருபது வருஷமாக ஒருத்தனையொருத்தன் ஏமாற்றியவர்களை ஒரே கம்பியில் கட்டிவிட்டார்களே என்று துறைமுகமே சிரித்தது.

ஆனால் கம்பியின் இரண்டு முனையிலும் நின்றபோது அவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. ஈனோக் கையைத் தூக்கினால் பென்னுக்கு எவ்வளவு வேகம் குறைக்க வேண்டும் என்று தெரிந்தது. போர் தொடங்கி மூன்றாம் ஆண்டு முடியும்வரை எத்தனையோ வெடிகளை எடுத்தார்கள். கரிக்கப்பல்களும், காயம்பட்டவர்களை ஏற்றிய கப்பல்களும் அவர்கள் பெருக்கிவைத்த வழியில் போய்வந்தன. அந்தக் கப்பல்களிலிருந்து யாராவது கையசைத்தால் ஈனோக் சந்தோஷப்படுவான். மீன் என்றைக்கும் கையசைத்ததில்லை என்பான்.

பிறகு ஒரு நாள் மாலை, கிழவன் முதுகுக்குப் பக்கத்துக் கப்பல் பாதையை அவசரமாகப் பெருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முந்தின நாள் ஒரு நீர்மூழ்கி அங்கே திரிந்ததாகத் தகவல். வழக்கமாக நீர் ஏறியிருக்கும்போதுதான் பெருக்குவார்கள். நீர் வற்றினால், அடியில் கட்டிய வெடி மேல்மட்டத்துக்கு நெருங்கி வந்துவிடும், கப்பலின் அடிவயிறு அதில் இடிக்கும். அன்றைக்கு வேலை தொடங்கும்போதே நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. கூடவே லேசான மூடுபனி.

கம்பி வரிசையாக மூன்று வெடிகளை அறுத்துவிட்டது. நாலாவது வெடி கம்பியிலேயே சிக்கி இழுபட்டு வந்து லாவினியாவின் பின்பக்கத்தில் வெடித்தது.

பென் கம்பியை அறுத்துவிடச் சொல்லிக் கத்தினான். புகை விலகியபோது, லாவினியாவின் பின்பக்கம் நீரில் அமிழ்ந்துகொண்டிருந்தது. சுக்கான் அறை நொறுங்கிச் சாய்ந்திருந்தது. ஆட்கள் சின்னப் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுக்கான் அறையின் உடைந்த சன்னல் வழியாக, தூரத்துக்குக் கேட்கப் பேசும் தகரக் குழல் ஒன்று வெளியே நீண்டது. அதைப் பிடித்திருந்தவன் ஈனோக்.

பென் தன் குழலை எடுத்து, இதோ பக்கத்தில் வருகிறேன் என்றான்.

"வராதே. உன் முன்னாலே பாரு."

பென் பார்த்தான். அலை தாழும்போது, ஹெரானின் முன்முனைக்குக் கொஞ்ச தூரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தலை நீரை உரசித் தெரிந்தது. அதற்கப்பால் இன்னொன்று. பின்னால், அறுந்துபோன வெடிகள் வற்றும் நீரோட்டத்தில் அவனை நோக்கி மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தன. நங்கூரம் போட்டு நின்றாலும் அவை வந்து சேரும். நகர்ந்தால் அடியில் உள்ளவை. மேற்கே மட்டும் வெடி இருக்காது, அங்கே கப்பல் போகாது என்று ஜெர்மன்காரனுக்கும் தெரியும். அங்கே கிழவன் முதுகு.

லாவினியாவின் படகு ஹெரானை வந்து அடைந்தது. படகுக்கு ஆழம் தேவையில்லை, அதனால் வெடிகளுக்கு மேலேயே வந்துவிட்டது. ஈனோக்கின் மேட் கையெல்லாம் ரத்தமாக மேலே ஏறினான். சுக்கான் அறையின் இரும்புத்தூண் ஸ்கிப்பரின் கால்மேல் விழுந்துவிட்டது, எல்லோரும் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை, போகாவிட்டால் குழலாலேயே மண்டையை உடைப்பேன் என்று விரட்டிவிட்டார் என்றான். சொல்லும்போதே அழுதான்.

ஹெரானில் இப்போது இரண்டு கப்பல் ஆட்களும் இருந்தார்கள். எல்லோரும் பென்னைப் பார்த்தார்கள்.

மறுபடியும் குழல் பேசியது. குரல் வழக்கம்போலவே இருந்தது, சந்தையில் பேசுவது போல.

"மச்சான், எல்லாரும் வந்து சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க. உன்னைத் தவிர."

"என்னை விடு. மேற்கே திருப்பு. கிழவன் முதுகு வழியாப் போ."

"தண்ணி இல்லையே அங்கே."

"இருக்கு. நடுவிலே ஒரு பள்ளம் ஓடுது. அந்தப் பக்கம்வரைக்கும். நான் வருஷக்கணக்கா அதுலதான் நாக்கு மீன் பிடிக்கிறேன்."

ஹெரானின் மேட் சைலஸ் க்ரிப், பென்னின் தோளைப் பிடித்தான். அங்கே மூழ்கின கப்பல் கிடக்கிறது, வெடியிலிருந்து தப்பிப் போய் இரும்பில் குத்திச் சாகவா என்றான். அவன் சொன்னது தவறில்லை. ஹெரானின் வரைபடத்திலும் சிலுவைக் குறி இருந்தது.

"மூழ்கின கப்பல் இருக்கேடா அங்கே" என்று பென் குழலில் கத்தினான்.



"கப்பலும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் புளுகினேன்."

"அந்த நங்கூரம்?"

"பழைய இரும்புக் கடையிலே வாங்கினது. வலையையும் நானே கத்தியாலே கிழிச்சேன்."

பென் லெகெட் தன் வாழ்நாளில் அறிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் அந்தக் குழலுக்குள் கொட்டினான். மூடுபனிக்கு அந்தப் பக்கமிருந்து ஈனோக் சிரிப்பது கேட்டது. சிரிப்பு இருமலாகி நின்றது.

"கேளு மச்சான். ஈயத்தைப் போட்டுக்கிட்டே போ. முதல்லே வெள்ளை மணல் வரும். அப்புறம் கறுப்புச் சகதி. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அந்தச் சகதியை விட்டுறாதே. மணல் வந்துச்சுன்னா நீ விலகிட்டேன்னு அர்த்தம். கிளிஞ்சல் வந்ததும் நீ வெளியே போயிட்டே."

பென்னுக்கு அந்த ஒரு கணம்தான் வாழ்க்கையிலேயே கனமான கணம். இந்த மனிதன் இருபது வருஷத்தில் கடலைப் பற்றி அவனிடம் ஒரு உண்மைகூடச் சொன்னதில்லை. இப்போது தன் ஆட்களையும் ஈனோக்கின் ஆட்களையும் அவன் வாய்வார்த்தைமேல் ஏற்றி, எல்லா வரைபடமும் போகாதே என்று சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பென் யோசித்தது ஒன்றே ஒன்று. ஈனோக் எத்தனையோ இடங்களைப் பொய் சொல்லியிருக்கிறான். ஆனால் கொழுப்பில் என்ன ஒட்டி வந்தது என்று யாரிடமும், பொய்யாகக்கூட, வாய்திறந்ததில்லை. அதைத்தான் கட்டைவிரலால் வழித்து வழித்து மறைத்தான். அதையே இப்போது எடுத்துக் கையில் கொடுக்கிறான்.

"மேற்கே போறோம்" என்று சொல்லிச் சுக்கானைத் தானே பிடித்துக்கொண்டான்.

சைலஸ் ஈயக்குண்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். ஹெரான் ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது.

"கெசியாவுக்கு இந்தப் புளுகுக் கப்பல் சமாச்சாரம் தெரியாது" என்று குழல் சொன்னது, இப்போது தூரத்திலிருந்து. "நீயே சொல்லிரு. நான் சொன்னா நம்பமாட்டா."

முதலில் வந்த கொழுப்பில் வெள்ளை மணல். சைலஸ் அதைப் பென்னிடம் தூக்கிக் காட்டினான். அடுத்ததும் மணல். ஆழம் குறைந்துகொண்டே வந்தது. கப்பலின் அடி இப்போது தட்டும், இப்போது தட்டும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது முறை சைலஸ் ஈயத்தை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்தான்.

"சகதி" என்றான். "நாறுது."

அந்த நாற்றத்தைப் போல ஒரு வாசனையைத் தாங்கள் வாழ்க்கையில் முகர்ந்ததில்லை என்று அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பிறகு சொல்வார்கள். ஆழம் திரும்பவும் கூடியது. ஒருமுறை மணல் வந்தபோது பென் சுக்கானைக் கொஞ்சம் திருப்பினான், சகதி மறுபடி வந்தது. சிலுவைக் குறி போட்ட இடத்தைத் தாண்டினார்கள். அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பின்னால் மூடுபனிக்குள் குழல் இரண்டொரு தடவை எதையோ சொன்னது, சொல் புரியவில்லை. பென் ஒவ்வொரு தடவையும், கேட்குது மாப்ளே, சகதிதான் வருது என்று திரும்பக் கத்தினான். பிறகு பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பென் கழற்றவில்லை, அவன் இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்திருந்தான்.

கிளிஞ்சல் வந்தது.

கரைக்கு வந்ததும் கடற்படைக் கமாண்டர், தானே போய் ஈனோக்கின் மனைவிக்குச் செய்தி சொல்வதாகச் சொன்னார். நல்ல மனிதர், முகம் வெளுத்திருந்தது. பென் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அது என் தங்கை, நானே போகிறேன் என்றான்.

அண்ணன் தனியாக வந்து நின்றதைப் பார்த்ததுமே கெசியாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வெடி வெடித்ததை, தூண் விழுந்ததை, இல்லாத கப்பலை, இரும்புக் கடை நங்கூரத்தை, கத்தியால் கிழித்த வலையை. எதையும் மறைக்கவில்லை. தான் திட்டின கெட்ட வார்த்தைகளைக்கூடச் சொன்னான், ஈனோக் சிரித்ததையும் சொன்னான்.

"அப்ப அந்தக் கதவுலே மாட்டின மீனெல்லாம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அங்கேதான்."

அவள் அழுதாள், ஆனால் நடுவே ஒருமுறை, நங்கூரத்தை நினைத்தோ என்னவோ, சிரித்தும்விட்டாள்.

"ஏன் அண்ணே, இத்தனை வருஷமா உன்னை ஏமாத்தினவர் சொன்னதை எப்படி நம்பினே?"

பென் கொழுப்பு, சகதி என்று ஏதோ தொடங்கினான்.

"நீ நம்பாம இருந்திருந்தா அவர் அங்கே கிடந்து கத்தினதெல்லாம் வீணாப் போயிருக்கும்" என்றாள் கெசியா. "கடைசி நேரத்துலே அவர் பேச்சை நீயாவது கேட்டிருக்கே. உனக்கு நான் நன்றி சொல்லணும்."

அவள் புருஷன் தங்களைக் காப்பாற்றினதற்கு அவளுக்கு நன்றி சொல்லத்தான் அவன் வந்திருந்தான். வழியெல்லாம் அதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தான். அவள் முந்திக்கொண்டுவிட்டாள். தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கதவை யாரோ தட்டினார்கள். பென் போய்த் திறந்தான். தெருவில் லாவினியாவின் ஆட்கள் நின்றார்கள், கடன் வாங்கின கால்சட்டையும் யாருடையதோ கோட்டும் போட்டுக்கொண்டு. இன்னும் தங்கள் வீட்டுக்குப் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பெண்டாட்டிகள், சைலஸ், ஹெரானின் மற்ற ஆட்கள். யாரும் உள்ளே வரலாமா என்று கேட்கத் துணியவில்லை. கெசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நனைந்த தலையோடு குளிரில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள். நாற்காலி போதவில்லை. சிலர் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். லாவினியாவின் மேட் கட்டுப்போட்ட கையோடு தேநீர்க் கெட்டிலை அடுப்பில் ஏற்றப் போனான், அவள் அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஏற்றினாள்.